டைக்கிரி: கியூபாவின் ரம் பானத்தை வரலாற்று வரிசையில் கலக்கிப் பழக ஒரு வழிகாட்டி

ரம், எலுமிச்சைச் சாறு, சர்க்கரை. டைக்கிரிக்குள் போவது இந்த மூன்றுதான். காக்டெயில் கலக்கப் பழக வேண்டும் என்று கேட்கிறவர்களை நான் எப்போதும் இதிலிருந்துதான் தொடங்கச் சொல்வேன். சாமான் குறைவு என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், இதில் எந்தக் குறையையும் மறைக்க முடியாது. சாறு பழசாக இருந்தாலும், ஐஸ் உருகிக் கிடந்தாலும், பாகு ஐந்து மி.லி. கூடிப்போனாலும் முதல் வாயிலேயே தெரிந்துவிடும். அனுபவமுள்ள பார்டெண்டர்கள் தெரியாத ஒரு பாருக்குப் போனால் டைக்கிரி கேட்டுப் பார்ப்பது இதனால்தான்.

ஆனால் செய்முறை தேடிப் போனால் பத்து இடத்தில் பத்து அளவு இருக்கும். ஒன்றில் புளிப்பு தூக்கல், ஒன்றில் இனிப்பு, இன்னொன்றில் ஸ்ட்ராபெரி. எது சரி? அதனதன் காலத்தில் எல்லாமே சரி. கையில் கிடைத்த பழம், ஐஸை உடைத்த விதம், சமையலறைக்கு வந்த மின்சார இயந்திரம், கியூபாவின் அரசியல் என்று ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு காரணம் உண்டு. அந்த மாற்றங்களை நடந்த வரிசையிலேயே கலக்கிச் சுவைத்துப் பார்த்தால் அளவுகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஏன் இந்த அளவு என்பது நாக்குக்கே பிடிபட்டுவிடும்.

ஒவ்வொரு கிளாஸிலும் 60 மி.லி. ரம், நம் ஊர்க் கணக்கில் ஒரு லார்ஜ், இருக்கிறது. எனவே ஒரு மாலைக்கு ஒரு பாடம் போதும். அல்லது ஒரு கிளாஸை மூன்று பேர் பகிர்ந்துகொள்ளுங்கள். அப்புறம் வண்டியைத் தொடாதீர்கள்.

சாமான்கள்

ரம் முதலில். டைக்கிரி பிறந்தது கியூபாவின் மெல்லிய வெள்ளை ரம்மில். 1862-இல் ஃபகுண்டோ பக்கார்டி சாந்தியாகோ தே கூபா நகரில் ஒரு வடிசாலையை வாங்கினார். அதுவரை கரீபியத் தீவுகளில் வடித்த ரம் பெரும்பாலும் கனமானது, தொண்டையைச் சுடக்கூடியது. அவர் அதைக் கரியில் வடிகட்டி, ஓக் பீப்பாயில் பழுக்கவைத்து மெல்லியதாக்கினார். வெள்ளையாக இருப்பதால் அது பழுக்காத சாராயம் என்று நினைத்துவிடாதீர்கள். நல்ல கியூப பாணி வெள்ளை ரம் பீப்பாயில் இருந்து வந்ததுதான். நிறத்தைக் கரி எடுத்துவிடுகிறது. கியூபாவின் மெல்லிய ரம் வல்லுநர்களின் அறிவை யுனெஸ்கோ 2022-இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது. இந்தப் பாணியில் எந்த பிராண்ட் கிடைத்தாலும் சரி. நம்மில் பலருக்கு ரம் என்றாலே ஓல்டு மங்க்தான். அதை இப்போதைக்கு எடுத்து வையுங்கள். அதன் வெனிலா வாசனை எலுமிச்சையை அமுக்கிவிடும்.

எலுமிச்சையில் நமக்கு ஓர் அதிர்ஷ்டம். கியூபாவில் அன்று பிழிந்தது சின்னதாக, மெல்லிய தோலோடு, விதையோடு இருக்கும் எலுமிச்சை. ஆசியாவிலிருந்து மேற்கே போய், ஸ்பானியர்கள் கையால் கரீபியக் கடலைத் தாண்டிய பழம். நம் மார்க்கெட்டில் கூறுகட்டி விற்பதும் அதே இனம்தான். அமெரிக்காவில் கதை வேறு. ஃபுளோரிடாவில் இருந்த இந்தச் சின்ன எலுமிச்சைத் தோப்புகளை 1926-இல் வந்த புயல் அழித்தது. அதன் பிறகு அங்கே விவசாயிகள் பெரிய, விதையில்லாத பாரசீக எலுமிச்சைக்கு மாறினார்கள். அதில் சாறு அதிகம், புளிப்பும் வாசனையும் கொஞ்சம் மட்டு. இன்றைய ஆங்கிலச் செய்முறைகள் பெரும்பாலும் அந்தப் பழத்தை வைத்து எழுதியவை. அதில் 30 மி.லி. சாறு என்று போட்டிருந்தால், நம் எலுமிச்சையில் 20 மி.லி. வைத்துத் தொடங்குங்கள். லண்டனிலோ டொராண்டோவிலோ இருப்பவர்கள் கடையில் கிடைக்கும் பெரிய பழத்துக்கு 25 வரை போகலாம்.

பழத்தை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே வையுங்கள். பலகையில் உள்ளங்கையால் உருட்டிவிட்டு நறுக்கிப் பிழியுங்கள். கடைசிச் சொட்டுக்காகத் தோலை நசுக்கினால் கசப்பு இறங்கும். டீ வடிகட்டியில் விதையை நீக்கிவிடுங்கள். பிழிந்த சாறு சில மணி நேரம் தாங்கும், மறுநாளைக்கு வேண்டாம். பாட்டில் சாறு எந்த நாளும் வேண்டாம்.

பாகு: 100 கிராம் வெள்ளைச் சர்க்கரை, 100 மி.லி. வெந்நீர், கரையும்வரை கலக்கினால் ஆயிற்று. அடுப்பில் கொதிக்கவைத்துக் கம்பிப் பதம் பார்க்க வேண்டாம்; தண்ணீர் ஆவியானால் அளவு மாறிவிடும். ஃபிரிட்ஜில் இரண்டு வாரம் இருக்கும். இந்தப் பாகு 15 மி.லி.யில் சுமார் 9 கிராம் சர்க்கரை, அதாவது இரண்டு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் மேலே. நாட்டுச் சர்க்கரையும் வெல்லமும் நல்ல பொருள்கள்தான், ஆனால் அவற்றின் மணம் வெள்ளை ரம்மை மூடிவிடும்.

பானத்தைக் குலுக்கிக் கலக்கும் மூடியுள்ள பாத்திரம்தான் ஷேக்கர். அது இல்லையென்றால் அகல வாயுள்ள எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் போதும். இரட்டைச் சுவர் உள்ள ஃபிளாஸ்க் உதவாது. உள்ளே குளிர்ந்ததா என்று கைக்குத் தெரியாது. அளவுக்கு இருமல் மருந்தோடு வரும் பிளாஸ்டிக் மூடி பிரமாதம், 5, 10 மி.லி. கோடுகள் அதிலேயே இருக்கும். கண்ணளவு மட்டும் வேண்டாம். காலுள்ள சின்ன கிளாஸ் ஒன்றைக் கால் மணி நேரம் ஃபிரீசரில் வையுங்கள்.

குலுக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

குலுக்கிச் செய்யும் எல்லாச் செய்முறைக்கும் இது பொது. சாற்றையும் பாகையும் முதலில் ஊற்றுங்கள், ரம் கடைசியில். அளவு தப்பினால் விலை குறைந்ததைக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்கலாம். பிறகு ஃபிரீசரிலிருந்து அப்போதுதான் எடுத்த பெரிய ஐஸ் கட்டிகளைப் பாத்திரம் முக்கால் நிறையும்வரை போடுங்கள். மேலே ஈரம் மினுமினுக்கும் ஐஸ் ஏற்கெனவே உருகத் தொடங்கியது. அது தண்ணீரைத்தான் கூட்டும்.

மூடியை இறுக்கி, தோளுக்கு நேராகப் பிடித்து, முன்னும் பின்னும் பலமாகக் குலுக்குங்கள். பன்னிரண்டு முதல் பதினைந்து நொடி. கடகடவென்று தொடங்கும் சத்தம் ஐஸின் முனைகள் உடைந்ததும் மந்தமாகும். வெளிப்புறம் வெள்ளையாகப் பனி பூக்கும், விரல் ஒட்டுகிற மாதிரிக் குளிரும். அப்போது நிறுத்துங்கள். உள்ளே பானம் பூஜ்ஜியம் டிகிரிக்கும் கீழே போயிருக்கும். ஆல்கஹால் இருப்பதால் உறையாது. கூடவே நல்ல அளவு தண்ணீரும் சேர்ந்திருக்கும். அந்தத் தண்ணீர் செய்முறையின் ஒரு பகுதி. அது இல்லாமல் ரம் சுடும், புளிப்பு பல்லைக் கூசவைக்கும். டீ வடிகட்டி வழியாகக் குளிர்ந்த கிளாஸில் ஊற்றி உடனே குடியுங்கள். டைக்கிரி காத்திருக்காது.

முதல் கிளாஸ்: 1896, டைக்கிரி சுரங்கம்

டைக்கிரி என்பது சாந்தியாகோவுக்குக் கிழக்கே கடலோரத்தில் உள்ள ஊரின் பெயர். அங்கே அமெரிக்க நிறுவனம் ஒன்று இரும்புத் தாது வெட்டிக்கொண்டிருந்தது. அதில் பொறியாளராக இருந்தவர் ஜென்னிங்ஸ் காக்ஸ். விருந்தாளிகள் வந்த நேரத்தில் ஜின் தீர்ந்துபோய், கையில் இருந்த ரம்மை வைத்துச் சமாளித்தார் என்று ஒரு கதை உண்டு. அது எப்படியோ, அவர் பெயரில் இருக்கும் குறிப்பு ஆறு பேருக்கானது: ஆறு எலுமிச்சையின் சாறு, ஆறு டீஸ்பூன் சர்க்கரை, ஆறு கப் பக்கார்டி கார்த்தா பிளாங்கா (பக்கார்டியின் வெள்ளை ரம்), இரண்டு சின்ன கப் மினரல் வாட்டர், நிறைய நொறுக்கிய ஐஸ். நன்றாகக் குலுக்கு, வடிகட்ட வேண்டாம், கிளாஸில் கொஞ்சம் ஐஸ் இருக்கலாம் என்றும் எழுதியிருக்கிறது.

ரம்மையும் எலுமிச்சையையும் சர்க்கரையையும் சேர்ப்பது காக்ஸுக்கு முன்பே இருந்தது. 1740-இல் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி எட்வர்ட் வெர்னன் மாலுமிகளின் ரம்மில் தண்ணீர் கலக்க உத்தரவிட்டபோது, சர்க்கரையும் எலுமிச்சையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். கியூப விடுதலைப் போராளிகள் கரும்புச் சாராயத்தில் தேனும் எலுமிச்சையும் கலந்து குடித்தார்கள். அதற்குக் கான்சாஞ்சரா என்று பெயர். காக்ஸ் குறிப்பில் புதிதாக எனக்குப் படுவது ஐஸும் குலுக்கலும்தான். வெப்பமண்டலத்துக்கு ஐஸ் வந்த கதையே தனி. பாஸ்டன் வணிகர் ஃபிரெடெரிக் டியூடர் 19-ஆம் நூற்றாண்டில் உறைந்த ஏரிகளிலிருந்து ஐஸ் வெட்டிக் கப்பலில் ஹவானாவுக்கு அனுப்பினார். அதே நிறுவனத்தின் ஐஸ்தான் சென்னைக்கும் வந்தது. மெரினா எதிரே, இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸ், அதற்காக 1842-இல் கட்டிய கிடங்கு.

இப்போது ஒருவருக்கான அளவு. ஒரு சின்ன எலுமிச்சையின் சாறு, ஒரு டீஸ்பூன் சர்க்கரை, 60 மி.லி. ரம், 20 மி.லி. தண்ணீர். இங்கே பாகு வேண்டாம். சர்க்கரையைச் சாற்றில் முதலில் கரைத்துவிடுங்கள், ரம்மில் அது லேசில் கரையாது. ஐஸைத் துணியில் சுற்றிச் சப்பாத்திக் கட்டையால் நொறுக்கிப் போட்டுக் குலுக்கி, அப்படியே ஊற்றுங்கள். புளிப்பும் ரம்மும் முன்னால் நிற்கும், இனிப்பு எங்கோ பின்னால். வெயிலில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்களுக்கான பானம் என்பது ஒரு வாயிலேயே புரியும்.

1898 ஜூன் 22 அன்று ஸ்பெயினோடு போரிட வந்த அமெரிக்கப் படை இதே டைக்கிரி கரையில்தான் இறங்கியது. சுரங்கக்காரர்களின் பானம் அமெரிக்கர்களிடம் போய்ச் சேர அந்தப் போரும் வழி திறந்தது. 1909-இல் லூசியஸ் ஜான்சன் என்ற கடற்படை மருத்துவர் செய்முறையை வாஷிங்டனில் உள்ள ராணுவ, கடற்படை அதிகாரிகள் கிளப்புக்குக் கொண்டுபோனார். நாளடைவில் கூடுதல் தண்ணீர் போய்விட்டது, வடிகட்டிக் காலுள்ள கிளாஸில் ஊற்றுவது வழக்கமாயிற்று.

இரண்டாவது கிளாஸ்: ஹவானா, எல் ஃபுளோரிடீட்டா

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் டைக்கிரியை ஒரு கலையாக வளர்த்தவர் கான்ஸ்தாந்தீனோ ரிபலைகுவா. ஸ்பெயினின் கத்தலோனியாவிலிருந்து வந்தவர், ஹவானாவின் எல் ஃபுளோரிடீட்டா பாரில் வேலைக்குச் சேர்ந்து 1918-இல் அதன் உரிமையாளரானார். 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு. தாகமெடுத்த அமெரிக்கர்களுக்குக் கடல் தாண்டினால் ஹவானா. ரிபலைகுவா ஒரே டைக்கிரியை எண் போட்டுப் பல வகையாகச் செய்தார். இரண்டாம் எண்ணில் ஆரஞ்சுச் சாறு, மூன்றாம் எண்ணில் கிரேப்ஃபுரூட், நான்காம் எண்ணில் மராஸ்கீனோ. மராஸ்கீனோ என்பது ஒருவகைச் செர்ரிப் பழத்திலிருந்து வடிக்கும் நிறமில்லாத லிக்கர், அதாவது இனிப்பு சேர்த்த மது. ஐஸ்கிரீம் மேல் வைக்கும் சிவப்புச் செர்ரியின் பாகோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இந்த நான்காம் எண்தான் கடையின் அடையாளம்.

செய்யும் விதம்: 60 மி.லி. ரம், 15 மி.லி. எலுமிச்சைச் சாறு, ஒரு டீஸ்பூன் சர்க்கரை, ஒரு டீஸ்பூன் மராஸ்கீனோ. நொறுக்கிய ஐஸ் முக்கால் டம்ளர். மிக்ஸியின் சின்ன ஜாரில் போட்டு விப்பரில் விட்டுவிட்டு ஓட்டுங்கள். முழு ஐஸ் கட்டிகளை நேராகப் போட்டால் பிளேடு தேயும், நொறுக்கித்தான் போட வேண்டும். பத்து நொடிக்குள் ஈர மணல் பதத்துக்கு வந்துவிடும். அதற்கு மேல் ஓடவிட்டால் மிக்ஸியின் சூட்டில் தண்ணீராகும்.

இதே பாரின் வாடிக்கையாளர் அமெரிக்க எழுத்தாளர் எர்னெஸ்ட் ஹெமிங்வே. அவருக்குச் சர்க்கரை கூடாது, ரம் இரட்டிப்பாக வேண்டும். பாரின் 1937 செய்முறைக் கையேட்டில் அவர் பெயரில் ஒரு பானம் இருக்கிறது, பெயரை மட்டும் ‘ஹென்மிவே’ என்று அச்சிட்டிருந்தார்கள். அதில் கிரேப்ஃபுரூட் சாறு ஒரே ஒரு டீஸ்பூன், மராஸ்கீனோ ஒரு டீஸ்பூன், பாதி எலுமிச்சையின் சாறு. இன்று உலகப் பார்டெண்டர் சங்கம் ஹெமிங்வே ஸ்பெஷல் என்று தரும் அளவில் கிரேப்ஃபுரூட் 40 மி.லி., மராஸ்கீனோ 15. ஐந்து மி.லி. நாற்பதாகிவிட்டது! சர்க்கரையே இல்லாத பானத்தை எல்லோரும் குடிக்கும்படி ஆக்க, பழச்சாறும் லிக்கரும் அந்த இடத்தை நிரப்பின. இரண்டு அளவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுவைத்துப் பாருங்கள். எனக்குப் பழைய அளவுதான் பிடிக்கும். கிரேப்ஃபுரூட்டின் கசப்பு நாக்கின் ஓரத்தில் வந்து போகும், அவ்வளவுதான். கிரேப்ஃபுரூட் கிடைக்காவிட்டால் பம்பளிமாஸ் சாறு சேர்க்கலாம், அதுதான் கிரேப்ஃபுரூட்டின் பெற்றோரில் ஒன்று. கசப்பு மட்டும் குறைவாக இருக்கும்.

மூன்றாவது கிளாஸ்: 1948, கறாரான கணக்கு

டேவிட் எம்பரி நியூயார்க் வழக்கறிஞர், பார்டெண்டர் அல்ல. ஆனால் காக்டெயில் பற்றி அவர் 1948-இல் எழுதியது இன்றும் பேசப்படுகிறது. அவர் சொன்ன விகிதம் 8 பங்கு ரம், 2 பங்கு எலுமிச்சை, 1 பங்கு பாகு. அதாவது 60, 15, 7.5 மி.லி. குலுக்கி வடிகட்டிப் பாருங்கள். ரம் தூக்கலாக, இனிப்பு குறைந்து, கூர்மையாக இருக்கும். பலருக்கு இது கடுமை. ஆனால் உங்கள் ரம் நல்ல ரம்மா என்று தெரிந்துகொள்ள இதைவிடச் சிறந்த வழி இல்லை.

நான்காவது கிளாஸ்: பிளெண்டர் காலம்

1937-இல் இசைக்குழுத் தலைவர் ஃபிரெட் வேரிங் ஆதரவில் அமெரிக்கச் சந்தைக்கு ஒரு பிளெண்டர் வந்தது. ஐஸை அரைத்து டைக்கிரி செய்து காட்டியே அதை விற்றார்கள். கருவி வீட்டுக்கு வந்ததும் பானம் மாறியது. மிகவும் குளிர்ந்தால் நாக்குக்கு இனிப்பு குறைவாகத் தெரியும், அதனால் சர்க்கரை ஏறியது. ஐஸ் ஏறியதும் சுவை நீர்த்தது, அதனால் பழம் வந்தது. பிறகு பழத்துக்குப் பதில் பாட்டில் கலவை வந்தது. 1960-இல் கியூபாவின் புதிய அரசு பக்கார்டியின் சொத்துகளை நாட்டுடைமை ஆக்கியது, அடுத்து வந்த அமெரிக்கத் தடையால் கியூப ரம்மும் அங்கே நின்றுபோனது. 1970, 80-களில் டைக்கிரி என்று கேட்டவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் சிவப்பு ஐஸ் கூழ்.

அந்தக் கூழைக் கேலி செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நல்ல பழத்தில் செய்தால் அது அருமையான பானம். கொடைக்கானல் ஸ்ட்ராபெரி சீசனில் ஆறு பழம் எடுத்து ஃபிரீசரில் உறையவையுங்கள். 60 மி.லி. ரம், 20 மி.லி. எலுமிச்சை, 25 மி.லி. பாகு, அரை டம்ளர் நொறுக்கிய ஐஸ், எல்லாம் மிக்ஸியில். உறைந்த பழமே பாதி ஐஸின் வேலையைச் செய்வதால் சுவை நீர்க்காது. அல்போன்சாவிலும் இதே அளவு ஒத்துவரும், பாகை மட்டும் 15-க்குக் குறையுங்கள்.

ஐந்தாவது கிளாஸ்: இன்று உங்கள் வீட்டில்

இந்த நூற்றாண்டில் பார்டெண்டர்கள் மறுபடி மூன்று பொருளுக்கும் குலுக்கலுக்கும் திரும்பினார்கள். நம் எலுமிச்சைக்கு நான் தொடங்கச் சொல்வது: 60 மி.லி. ரம், 20 மி.லி. சாறு, 15 மி.லி. பாகு. முதல் கிளாஸை இப்படியே செய்யுங்கள், எதையும் மாற்றாதீர்கள். குடிக்கும்போது கவனியுங்கள். கன்னத்தின் உட்புறம் இழுத்தால் அடுத்த முறை பாகை 20 ஆக்குங்கள், சாற்றைக் குறைக்காதீர்கள். விழுங்கிய பிறகு உதட்டில் பிசுபிசுப்பு இருந்தால் பாகை 10-க்கு இறக்குங்கள். எல்லாமே சப்பென்று இருந்தால் பெரும்பாலும் அளவில் தப்பு இல்லை. ஐஸ் ஈரமாக இருந்திருக்கும், அல்லது அதிக நேரம் குலுக்கியிருப்பீர்கள். ரம் சுட்டால் குலுக்கியது போதவில்லை. ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பழம் காய்க்கும் பருவத்துக்குப் பருவம் புளிப்பு மாறும், கோடையில் ஓர் அளவும் மழைக்காலத்தில் இன்னோர் அளவும் வருவது இயல்பு.

சாறு பிழிவதற்கு முன் தோலில் ஒரு சின்னச் சீவல் எடுத்து ஷேக்கருக்குள் போட்டுக் குலுக்கிப் பாருங்கள். தோலின் எண்ணெய் இறங்கி வாசனை இரண்டு மடங்காகும். பச்சைத்தோலாக இருந்தால் இன்னும் நல்லது. வெள்ளைச் சதை ஒட்டாமல் சீவ வேண்டும்.

இது கைவந்த பிறகு ரம்மை மாற்றத் தொடங்கலாம். ஜமைக்கா ரம்மில் கனிந்த வாழைப்பழ வாசனை தூக்கலாக இருக்கும். 60-இல் 15 மி.லி. மட்டும் அதை ஊற்றி மீதிக்கு வெள்ளை ரம் வைத்தால் பானம் கனம் கூடும். மார்ட்டினிக் தீவில் கழிவுப்பாகுக்குப் பதிலாகக் கரும்புச் சாற்றிலிருந்தே ரம் வடிக்கிறார்கள்; அதில் புல் வாசனை வரும், பாகை 5 மி.லி. கூட்டினால் அழகாக உட்காரும். எடுத்து வைத்த ஓல்டு மங்க்கையும் இப்போது திறக்கலாம். 60 மி.லி. ஓல்டு மங்க், 25 மி.லி. எலுமிச்சை, 10 மி.லி. பாகு. சாறு கூடியிருப்பது வெனிலாவை எதிர்த்து நிற்கத்தான். இதை மட்டும் வடிகட்டாமல், காக்ஸ் சொன்ன மாதிரி, நொறுக்கிய ஐஸோடு ஊற்றுங்கள்.